எண்ணாத துறை

கப்பலேறியவர் எல்லாரும் தாம் கருதிய துறையில் இறங்குவதில்லை. இவ்வுண்மையை நம்மவர்க்கு நூல் காட்டி விளக்க வேண்டுவதில்லை. 1926ஆம் ஆண்டு முதல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கை நோக்கி வந்த ‘ராஜூலா’ என்னும் கப்பலின் தளத்தில் படுத்திருந்த நம் பாட்டனும் பாட்டியும் கங்காணி வாயால் கேட்ட நாடு ஒன்று; ஜெரஜா தீவில் நோய்க்காவலில் இருந்து, பிறையிலிருந்து இரயிலேறி, சுங்கைப் பட்டாணியிலும் பீடோங்கிலும் கூலிமிலும் அவர்கள் கண்ட நாடு மற்றொன்று. கேட்டது வேறு, கண்டது வேறு என்று அறிந்த பின்னும் அவர்கள் கப்பலைத் திருப்பச் சொல்லவில்லை, திருப்புவாரும் இல்லை. உளியைப் பிடித்தார்கள், மங்கைக் கழுவினார்கள், பிள்ளை பெற்றார்கள்.

பிரயாணம் ஒன்று கருத, இறங்கிய இடம் ஒன்றாகும் இந்நிலையை, குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாயின் மனநிலைக்கு உவமையாக்கி ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி உலகமெங்கும் படிக்கச் செய்தவர் ஓர் அமெரிக்க அம்மையார். எமிலி பேர்ல் கிங்ஸ்லி என்பது அவர் பெயர். ‘ஹாலந்துக்கு நல்வரவு’ என்பது அச்சிறு கட்டுரையின் தலைப்பு. எழுதிய ஆண்டு 1987. இத்தாலிக்குப் போக ஆண்டுக்கணக்காக ஆசைப்பட்டு, வழிகாட்டி நூல்களை வாங்கிப் படித்து, அந்நாட்டு மொழியில் நாலு சொல்லும் பழகி, மூட்டை கட்டிக்கொண்டு விமானமேறுகிறாள் ஒருத்தி. இறங்கும்போது, வந்து சேர்ந்தது ஹாலந்து என்கிறார்கள். அவள் திகைக்கிறாள். ஆயினும் அது நோய் நிறைந்த நாடன்று, பஞ்ச நாடன்று, வேறொரு நாடு, அவ்வளவே. அங்கும் காற்றாடி ஆலைகள் உண்டு, பூக்கள் உண்டு, ரெம்பிராண்டின் ஓவியங்கள் உண்டு. ஆனால் அவளுக்குத் தெரிந்தவர் யாவரும் இத்தாலிக்குப் போய் வந்து அதன் பெருமையையே பேசிக் கொண்டிருக்கிறார்கள். அந்தக் கனவு போன வருத்தம் அவளை விட்டு ஒருபோதும் முற்றும் நீங்காது. அதையே எண்ணி அழுதுகொண்டிருந்தால் கண் முன்னிருக்கும் ஹாலந்தையும் காணாது போவாள். கட்டுரை சொல்வது இவ்வளவுதான்.

எழுதியவர் ஏட்டறிவு கொண்டு எழுதினாரல்லர். 1970 முதல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுதி வந்தவர் அவர். 1974ஆம் ஆண்டு அவருக்கு ஜேசன் என்ற மகன் டவுன் நோய்க்குறியுடன் பிறந்தான். பிரசவம் பார்த்த மருத்துவர், இப்பிள்ளை நடவான், பேசான், தாயையும் பிறரையும் வேறுபடுத்தி அறியான். இவனை ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு, பிரசவத்தில் இறந்தான் என்று உற்றாரிடம் சொல்லிவிடுங்கள் என்று யோசனை கூறினாராம். மருத்துவம் கற்றவர் வாயிலிருந்து வந்த யோசனை இது! நம் லயத்துக் கிழவி, “இது எந்தப் பிறவியில் செய்த பாவமோ” என்று பெருமூச்சு விட்டதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. கிழவியாவது பிள்ளையை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. பெற்றோர் அந்த யோசனையைக் கேளாது பிள்ளையை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

கட்டுரையைப் போற்றியவர் பலர், பொறாதவரும் உண்டு. ஆட்டிசமுள்ள பிள்ளையை வளர்த்த தாய் ஒருவர், நான் இறங்கியது ஹாலந்தன்று, குண்டு விழும் பெய்ரூத்து என்ற கருத்தமைய மறுமொழிக் கட்டுரை ஒன்று எழுதினார். என் கருத்தும் ஓரளவு அத்தாயின் பக்கமே. ஹாலந்தில் இறங்கியவளுக்கு அங்கே புதிய வழிகாட்டி நூல் வாங்கக் கடையுண்டு; கையில் காசுண்டு. பிரட்டுக்கு மணியடித்ததும் விடியுமுன்னே வாளியோடு போக வேண்டிய தாய்க்கு எந்தக் கடை? ஆயினும் கிங்ஸ்லி அம்மையாரின் எழுத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. வருத்தம் அடியோடு நீங்கிவிடும் என்று அவர் பொய் சொல்லவில்லை. ஆறுதல் கூறுவோர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் அது.

இதற்கு முன்னும் எழுதிய தாய் உண்டு. ‘நல்ல நிலம்’ என்னும் நாவலைப் படித்தோர் அதில் வரும் வாங்லுங்கின் பேதை மகளை மறந்திருக்கமாட்டார்கள். பேச்சு வராது, வெயிலில் ஒரு துணித் துண்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பெண்ணைத் தந்தை கடைசிவரை கைவிடவில்லை. அந்நாவலை 1931இல் வெளியிட்ட பெர்ல் பக் அம்மையாருக்குச் சீனத்தில் 1920ஆம் ஆண்டு கரோல் என்ற மகள் பிறந்து, அறிவு வளராது நின்றுவிட்டாள். 1929இல் அவளை அமெரிக்காவில் வைன்லாந்து என்னும் ஊரிலுள்ள பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். அச்செலவுக்குப் பொருள் வேண்டியது அவர் முனைந்து எழுதியதற்கு ஒரு காரணம். 1938இல் நோபெல் பரிசு வந்தது. உலகம் அவரைப் பாராட்டிற்று. மகளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ‘வளராத குழந்தை’ என்று பொருள்படும் தலைப்பில் 1950ஆம் ஆண்டில்தான் ஒரு மாதப் பத்திரிகையில் எழுதினார். மகளுக்கு அப்போது வயது முப்பது! உலகப் புகழ் பெற்ற எழுத்தாளருக்கே நாவெழ முப்பதாண்டு சென்றதென்றால், கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை ஒற்றிய நம் தாய்மாரின் மௌனத்தைக் குறைகூற யார் துணிவார்?

கரோலுக்கு நேர்ந்தது பாவமுமன்று, சாபமுமன்று. பினைல்கீட்டோன்யூரியா என்னும் நோய் அது என்று பின்னாளில் தெரியவந்தது. உணவிலுள்ள புரதத்தின் ஒரு கூறாகிய பினைல்அலனினை உடல் மாற்றிக்கொள்ள இயலாமையால் அது இரத்தத்தில் மிகுந்து மூளையைக் கெடுக்கிறது. இந்நோயைக் கண்டறிந்த வரலாறு நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்தியது. நார்வே நாட்டில் போர்க்னி எகலாண்டு என்ற தாய்க்கு இரு பிள்ளைகள். இருவர்க்கும் அறிவு வளரவில்லை. பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு வினோத நாற்றம் வீசுவதை அத்தாய் கவனித்தார். மருத்துவர் பலர் வாசல் ஏறி இறங்கினார். எவரும் மதிக்கவில்லை. கடைசியில் அஸ்பியோர்ன் பொலிங் என்னும் மருத்துவர் அந்நீரை வாங்கிப் பெர்ரிக் குளோரைடு சேர்த்துப் பார்க்க, அது பச்சை நிறமாயிற்று. மேலும் ஆராய்ந்து அவர் தம் முடிவை வெளியிட்டது 1934இல். 1950களில் தகுந்த உணவு முறையும், 1960களில் பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துத் தாளில் ஒற்றிச் சோதிக்கும் முறையும் வந்தன. அச்சோதனையை ஏற்படுத்திய கத்ரி என்பாரும் மூளை வளர்ச்சி குன்றிய மகனுக்குத் தந்தையே. முன்வினை என்று நாம் கைகட்டி நின்ற இடத்தில் ஒரு தாயின் மூக்கு சும்மா இருக்கவில்லை.

நிற்க, நம் தமிழ் நூல்கள் இது பற்றி யாது கூறுகின்றன? புறநானூற்று இருபத்தெட்டாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்னும் புலவர் மக்கட்பிறப்பில் நேரும் எட்டுவகைக் குறைகளைத் தொகுத்துச் சொல்கிறார். குருடு, உருவற்ற தசைப்பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கொத்த பிறப்பு, மயக்கம் என்பன அவை. பயனற்ற பிறப்புகள் என்று ஒதுக்கவே அவற்றை எண்ணுகிறார். அரசனுக்கு அறம் உரைக்க வந்த பாட்டு அது. பெற்ற தாய்க்குச் சொல்ல வந்ததன்று. வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, முயலாமையே பழி என்ற கருத்தை வைத்தார். அதிலுள்ள ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் உரைத்தார். உடற்பொறி என்று கொள்வாரும் உளர். எப்படிக் கொண்டாலும் பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் பழியில்லை என்பது தெளிவு. ஆனால் அதே வள்ளுவர் மக்கட்பேற்றில், குழலையும் யாழையும் விடப் பிள்ளையின் மழலை இனிது என்கிறாரே! மழலையே வாராத பிள்ளையைப் பெற்றவள் அக்குறளை எப்படிப் படிப்பாள் என்று நான் பல முறை எண்ணியதுண்டு.

பிள்ளைத்தமிழ் என்னும் நூல் வகையை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் கைகொட்டுவது சப்பாணி, பதினொன்றில் முத்தம், பன்னிரண்டில் தளர்நடையிட்டு வருவது வாரானை, பதினெட்டில் நிலவை அழைக்கும் அம்புலி. இன்று கிளினிக்கில் தாதி கையில் வைத்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் தலை நின்றதா, உட்கார்ந்ததா, நடந்ததா என்று கேட்டுக் குறிக்கும் அட்டவணையை நம் புலவர்கள் பாட்டாகவே பாடிவைத்திருக்கிறார்கள். எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! ஆயினும் ஐந்து வயதிலும் செங்கீரை ஆடாத பிள்ளைக்கு அந்நூல்களில் ஒரு பருவமும் இல்லை. இன்னொரு விந்தை: கைகொட்டும் பருவத்துக்கு வழங்கும் ‘சப்பாணி’ என்னும் அதே சொல், நடக்க இயலாதவனை ஏசவும் தெருவில் வழங்குகிறது. ஒரே சொல் ஒரு வீட்டில் பாட்டு, அடுத்த வீட்டில் வசை.

இனி நம் கெடாவுக்கு வருவோம். 1025ஆம் ஆண்டளவில் இராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட செய்தி கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கடாரத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்த் தாய் தன் பிள்ளையைப் பற்றி எழுதிவைத்த ஓர் ஏடு எங்கேயுண்டு? ஏன் இல்லை என்பது அறியத்தக்கது.

தோட்டத்தில் பொழுது விடியுமுன் பிரட்டு. கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் மலைக்காட்டுக்குப் போய்விடுவாள். ஓடியாடும் பிள்ளைகளோடு ஓடாத பிள்ளையும் அங்கே தொட்டிலில் கிடக்கும். மூன்று வயது, நான்கு வயது என்று மற்றவை தொட்டிலை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் நோக்கிப் போகும், இது போகாது. அதற்குமேல் அதைப் பார்த்துக்கொள்வது பாட்டியின் வேலை, பாட்டி இல்லையேல் அக்காளின் வேலை. அக்காள் பள்ளியைவிட்டு நின்றுவிடுவாள். ஒரு பிள்ளையின் குறை இரு பிள்ளைகளின் படிப்பைத் தின்ற கதை பல லயங்களில் நடந்தது. தாய் ஒரு நாள் நின்றால் அந்நாட் கூலி போயிற்று. டிரசர் கையில் இருந்ததோ காய்ச்சலுக்குக் கொயினா மருந்து. கோவிலில் நேர்த்தி, மந்திரவாதி வீட்டில் கயிறு, முட்டை, எலுமிச்சை என்று சேமித்த காசு கரையும். பிறர் காசு தின்பதற்கு இப்படிப்பட்ட வீட்டைப்போல எளிய இடம் வேறில்லை.

கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்றது. கெடா அக்கூட்டில் சேராத நாடு. ஆயினும் தோட்டப் பள்ளி இங்கும் வந்தது. அப்பள்ளிப் பதிவேட்டில் வரத்தக்க பிள்ளையின் பெயர் வந்தது. வர இயலாத பிள்ளையின் பெயர் வரவில்லை. செக்ரோலில் வேலைக்காரர் பெயர் மட்டுமே. ஆக, அப்பிள்ளை பிறப்புப் பதிவில் ஒரு வரி, இறப்புப் பதிவில் ஒரு வரி. நடுவே இருந்த வாழ்க்கைக்கு ஏடில்லை. ஊருக்குப் போகும் கடிதத்தில் இருக்குமோ என்றால், அக்கடிதத்தை எழுதியவர் தமிழ் வாத்தியார் அல்லது கிராணியார். பிறர் கைப்பட எழுதும் கடிதத்தில் எந்தத் தாய் மனம் திறப்பாள்? ‘இங்கு யாவரும் சுகம்’ என்பதோடு முடியும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் ஆண்கள் சயாம் மரண இரயில் பாதைக்குப் போக, மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிள்ளைகளைக் காத்த பெண்கள், நடவாத பிள்ளையை எப்படிக் காத்தார்கள் என்பதும் எழுதப்படாதது.

முற்றிலும் சொல்லில்லாமற் போயிற்று என்றும் கூறக்கூடாது. தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. ஒரு மூச்சில் தொடங்கி ஒரு மூச்சில் முடியும் சிறு பாட்டு. தன் குறையைத் தன் பிள்ளையிடமே சொல்லிக்கொள்வது. நம் தாய்மாரின் ஒரு பக்கக் கட்டுரை அதுதான். கேட்டவர் மறைய, அதுவும் மறைந்தது.

சர்க்கார் முறையில் நடந்ததைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வேன். குருட்டுப் பிள்ளைகளுக்கென 1926இல் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர்ப் பினாங்குக்கு வந்தது. செவிட்டுப் பிள்ளைகளுக்கு 1954இல் பினாங்கிலேயே ஒரு பள்ளி ஏற்பட்டது. இரண்டும் கெடாவுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் அறிவு மெல்ல வளரும் பிள்ளைக்கும், மூளைவாதத்தால் கைகால் இழுத்த பிள்ளைக்கும் நெடுங்காலம் வழி பிறக்கவில்லை. ஊரிலேயே, பெற்றோரையே சேர்த்துக்கொண்டு பயிற்சி தரும் பி.டி.கே. நிலையம் 1984இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிற்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் 1997இல் வந்த விதியோ, பிறர் துணையின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளத் தக்க பிள்ளையே கல்வி பெறத்தக்கது என்று வரையறுத்தது. துணை வேண்டியவனுக்குத் துணை தருவதற்கன்றோ பள்ளிக்கூடம்? இவ்விதி 2013இல் மாற்றப்பட்டது. உடற்குறையுடையோர் சட்டம் 2008இல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. எப்பிள்ளையையும் பள்ளி மறுத்தலாகாது என்ற கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது.

சமூக நலத்துறையில் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிவு செய்யும்போது கேள்வி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், பலகுறை என ஏழு வகை வைத்திருக்கிறார்கள். சாத்தனார் எண்ணியது எட்டு. சர்க்கார் எண்ணுவது ஏழு. சாத்தனார் ஒதுக்க எண்ணினார்; இவர்கள் உதவ எண்ணுகிறார்கள். அது பெரிய வேற்றுமையே. ஈராயிரம் ஆண்டு நடந்து வந்த தூரம். ஆயினும் எட்டிலும் ஏழிலும், அப்பிள்ளை எதைக் கண்டால் சிரிக்கும், யார் காலடி ஓசைக்குத் தலை திருப்பும் என்பதற்கு இடமில்லை. அதை எழுதக்கூடியவர் வீட்டில்தான் இருக்கிறார். அப்பதிவும் தானாக வருவதன்று; பெற்றோர் போய்க் கேட்க வேண்டும். வெட்கப்பட்டு ஒளித்துவைத்த பிள்ளைக்கு அட்டையுமில்லை, உதவித்தொகையுமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போன பின்பு, லயத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அடுக்குவீட்டில் குடியேறியோர்க்கு இது முன்னிலும் கடினம். லயத்தில் கதவைத் திறந்தால் பத்துப் பெண்கள் இருந்தனர். நாலாம் மாடியில் கதவைத் திறந்தால் படிக்கட்டுதான்.

தாய்த் தமிழகத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டிசமுள்ள மகனை வளர்த்த தம் அனுபவத்தை லக்ஷ்மி பாலகிருஷ்ணன் அம்மையார் ‘எழுதாப் பயணம்’ என்ற நூலாக்கினார். பெயரைப் பாருங்கள், அமெரிக்கத் தாய்க்கும் தமிழ்த் தாய்க்கும் பிரயாணம் என்ற எண்ணமே தோன்றியிருக்கிறது! அவர் கணவர் யெஸ். பாலபாரதி ‘துலக்கம்’ என்னும் நாவலை அதே பொருள்பற்றி எழுதினார். மூளைவாதமுள்ள மகனைப் பெற்ற பூனம் நடராஜன் அம்மையார் எழுத்தோடு நில்லாமல் 1985இல் சென்னையில் தொடங்கியதே இன்றைய ‘வித்யா சாகர்’. அரசாங்கமும் 2010ஐ ஒட்டி ‘ஊனமுற்றோர்’ என்பதை நீக்கி ‘மாற்றுத் திறனாளி’ என வழங்கத் தொடங்கிற்று. சொல்லை மாற்றினால் ஆயிற்றா என்பார் உண்டு. டவுன் நோய்க்குறியை 1866இல் விவரித்த லாங்டன் டவுன் என்னும் மருத்துவர் அதற்கு மங்கோலிய இனத்தின் பெயரையே சூட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப்பின், 1965இல், அந்நாட்டார் வேண்டிக்கொண்டதன் பேரில் உலகச் சுகாதார ஸ்தாபனம் அப்பெயரைக் கைவிட்டது. இடையே 1959இல் லெழூன் என்னும் பிரெஞ்சு மருத்துவரும் அவரைச் சார்ந்தோரும் உண்மைக் காரணத்தை வெளியிட்டனர்: இருபத்தொன்றாம் நிறப்புரி இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது. இனமுமன்று, முன்வினையுமன்று. இதை அறியாமல் பெயர் மட்டும் மாறினால், புதுப்பெயரும் சில ஆண்டுகளில் பழைய வசையாகவே முடியும்.

ஜேசன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பதினைந்து மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாய் எழுதிய அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினான். பள்ளியில் படித்தான். தாயையே அறியமாட்டான் என்று கைவிடப்பட்ட அப்பிள்ளை, தன்னைப்போன்ற நண்பன் மிச்சல் லெவிட்சு என்பவனோடு சேர்ந்து, தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே சொல்லிய நூல் ஒன்றை 1994இல் வெளியிட்டான். ‘எங்களையும் எண்ணுங்கள்’ என்று அதன் தலைப்புக்குப் பொருள் கூறலாம். தன் பிரசவத்தைப் பார்த்த அந்த மருத்துவரைப் பற்றியும் அதில் பேசுகிறான். அவருக்கு இப்புத்தகத்தில் ஒரு படி அனுப்பப் போகிறானாம்.